சேற்றுப்புண்ணும் குற்றஞ்சாட்டப்பட்ட கிருமியும்

மனிதரின் தோலில் பிறந்த நாள் முதலாகக் குடியிருந்து வரும் பற்றீரியாக்கள், நோயாளியிடமிருந்து எடுக்கப்பட்ட மாதிரியொன்றில் தென்படும்போது, அவற்றை நோயின் காரணியாகக் கொள்வதா, மாதிரி எடுத்த வேளையில் ஒட்டிக்கொண்ட மாசாகக் கொள்வதா என்ற வினா மருத்துவ நுண்ணுயிரியலில் நூறாண்டுக்கு மேலாக எழுந்து வருகிறது. வெளியிலிருந்து புகும் கிருமியை இனங்காண வகுத்த விதிகள், வீட்டுக்குள்ளேயே இருப்பதைக் குற்றஞ்சாட்டும்போது சரிவரப் பொருந்துவதில்லை. அந்நிலையில் ஆய்வாளர்கள் நெடுங்காலம் புறக்கணிப்பின் பக்கமே சாய்ந்திருந்தனர். அண்மைக் காலத்தில் சிலர் மறுபக்கம் அளவுமீறிச் சாய்ந்திருக்கின்றனர். இவ்விரு சாய்வுகளையும் எடைபோட இலங்கையின் மருத்துவ வரலாறே நல்ல சான்றுகளைத் தருகிறது. அவற்றுள் முதலாவது, வெறுங்காலின் அடியில் இருந்தது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியில், சுன்னாகத்தைச் சூழ்ந்த செம்மண் தோட்டங்களில் வெங்காயமும் புகையிலையும் வாழையும் கிணற்று நீரை நம்பியே விளைகின்றன. சுண்ணாம்புக்கற் படைகளின் இடுக்குகளில் தேங்கும் அந்நீரை முன்னர் துலாவாலும் பின்னர் இயந்திரத்தாலும் இறைத்து, வாய்க்கால் வழியே பாத்தி பாத்தியாகத் திருப்பிவிடும் வேலையைத் ‘தண்ணீர் மாறுதல்’ என்பர். அவ்வேலை செய்பவரின் பாதம் மணிக்கணக்கில் ஈரத்தில் ஊறும். மாரி காலத்தில் அது காய்வதற்கு நேரமே வாய்ப்பதில்லை. விரலிடுக்கு வெளுத்து வெடித்துக் கடிக்கும் நிலையைச் சேற்றுப்புண் என மக்கள் அழைக்கின்றனர். ஆனால் அதே பாதத்தின் அடியில், உடற்பாரம் விழும் குதியிலும் விரல்களின் அடிமேட்டிலும், கடுகளவிலிருந்து மிளகளவு வரையான சின்னஞ்சிறு குழிகள் தோன்றி, ஒன்றோடொன்று இணைந்து, நனைந்தவுடன் வெண்மையாகத் துலங்கி, பெரும்பாலும் நோவின்றி நாற்றத்தை மட்டும் தரும் இன்னொரு நிலையும் உண்டு. அதற்கென்று வழக்கில் தனிப்பெயர் நிலைபெறவில்லை. அதுவும் சேற்றுப்புண்ணோடு சேர்த்தே எண்ணப்படுகிறது.

இந்தக் குழிகளை மருத்துவ உலகுக்கு முதன்முதலில் விவரித்தது இலங்கையிலிருந்துதான். உகண்டாவில் உறக்க நோயை ஆராய்ந்துவிட்டு 1903இல் கொழும்புக்கு வந்து, அங்கிருந்த பற்றீரியவியல் நிலையத்தின் பணிப்பாளராகப் பணியாற்றிய இத்தாலியர் அல்டோ கஸ்ரெல்லானி, மழைக்காலத்தில் வெறுங்காலுடன் நடமாடுவோரின் உள்ளங்காலில் இக்குழிகளைக் கண்டு 1910இல் எழுதினார். அவர் சூட்டிய இலத்தீன் பெயரைத் தமிழில் சொல்வதானால் ‘உழவுசால் விழுந்த உள்ளங்காற் தடிப்பு’ என்று வரும். கொழும்பில் இருந்த ஐரோப்பியர் ஒருவர் வைத்த பெயரில் ஏர் உழுத சால் வந்து சேர்ந்திருப்பது தற்செயலே ஆயினும் பொருத்தமானது. 1905இல் பறங்கிப்புண்ணின் சுருளுயிரை இலங்கையில் வைத்தே கண்டவர் அவர். அக்குள் மயிரைச் சுற்றி மஞ்சள், கறுப்பு, சிவப்பு நிறங்களில் படியும் மயிர்ப்படிவ நோயையும் இங்கேயே ஆராய்ந்தவர். கண்ணுக்குத் தெரிந்ததைத் துல்லியமாகப் பதிவுசெய்யும் ஆற்றல் அவரிடம் மிகுதியாக இருந்தது. எனினும் காணப்பட்டதற்கும் அதன் காரணத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை அவரோ அவருக்குப் பின் வந்தவர்களோ எளிதில் கடக்கவில்லை.

கல்கத்தாவின் வெப்பவலய மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த அக்ரன், மக்குவயர் ஆகிய இருவர் 1930இல் இதே குழிகளை ஆராய்ந்து, கிளைவிடும் இழைபோன்ற நுண்ணங்கி ஒன்றைக் கண்டு, அதைப் பங்கசு வகையைச் சேர்ந்ததாகக் கருதினர். பங்கசு என்பது காளான், பூஞ்சணம் ஆகியவற்றின் இனம். படர்தாமரையும் தேமலும் அதனால் வருபவை. அக்காலத்துக்கு அது நியாயமான பிழையே. தோலின் மேற்படையில் வாழும் கொரினிபற்றீரியம் என்ற கோலுருப் பற்றீரியாவும் அதன் உறவினங்களும் ஈரமும் கெரற்றின் என்னும் தோற்புரதமும் மிகுந்த இடத்தில் நீண்டு இழையாக வளரக்கூடியவை. வளர்ப்புத் தட்டில் இடும்போதோ அவை வழக்கமான குறுங்கோல்களாகி, தோலில் எப்போதும் இருக்கும் கூட்டத்தோடு கலந்துவிடுகின்றன. நுணுக்குக்காட்டியில் பங்கசாகவும் தட்டில் மாசாகவும் தோன்றும் ஓர் உயிரை, இரண்டு கருவிகளும் இரண்டு விதமாகத் தவறவிட்டன.

தொடையிடுக்கிலும் விரலிடுக்கிலும் செம்பழுப்பு நிறத்தில் மெல்லிய செதிளோடு படரும் எரித்திராஸ்மா என்ற நோயின் கதை இதைவிட நீளமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பங்கசு நோயாகப் பதிவான அது, சர்க்கனி, ரப்லின், பிளாங் ஆகிய மூவரின் 1961ஆம் ஆண்டு ஆய்வு வரை ஏறத்தாழ நூறாண்டு அவ்வாறே கற்பிக்கப்பட்டது; அதன் காரணி கொரினிபற்றீரியம் மினுரிசிமம் என அவர்களே நிறுவினர். அக்குள் மயிர்ப்படிவம் 1952இல் பற்றீரிய நோயென மாற்றி எழுதப்பட்டது. உள்ளங்காற் குழிகள் 1960களில் மறு ஆய்வுக்கு உட்பட்டபோது, வியட்நாமின் ஈரமான சப்பாத்துகளுக்குள் கால் ஊறிய அமெரிக்கப் படையினர் அவ்வாய்வுக்கு உந்துதலாயினர். வெறுங்காலுடன் நடமாடியோரிடம் 1910இல் காணப்பட்ட நோய், படைநகர்வுக்கு இடையூறானபோதுதான் ஆய்வுப் பணத்தைப் பெற்றது என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

பிழை இவ்வளவு காலம் நிலைத்ததற்கு மருந்தின் பயனும் ஒரு காரணம். விற்பீல்ட் களிம்பு என்று பெயர்பெற்ற பென்சோயிக்கமில, சலிசிலிக்கமிலக் கலவை படர்தாமரைக்குத் தரப்படுவது. அது தோலின் இறந்த மேற்படையைக் கழற்றி அமிலத்தன்மையைக் கூட்டுவதால் எரித்திராஸ்மாவையும் தணிக்கிறது. பிற்காலத்தில் வந்த மைக்கொனசோல் போன்ற பங்கசுக் கொல்லிகளும் இவ்வகைப் பற்றீரியாக்கள் சிலவற்றைக் கட்டுப்படுத்துகின்றன. ஆகவே பங்கசு எனக் கருதிக் களிம்பு கொடுத்த வைத்தியர், நோய் குறைந்ததைக் கண்டு தம் கணிப்பு உறுதிப்பட்டதாக எண்ணுவது இயல்பு. குணமானது கணிப்பைச் சரியென்று காட்டுவதில்லை என்ற இப்பாடம், கிளினிக்குகளில் காரணம் காணும் முறையின் மிகப் பழைய பலவீனத்தைத் தொடுகிறது. மருந்துக்கடைகளில் ஸ்ரெரொயிட்டும் பங்கசுக் கொல்லியும் கலந்த களிம்பு எளிதில் கைக்கு வரும் இன்றைய நிலையில் இந்தப் பலவீனம் கூடியிருக்கிறதே ஒழியக் குறையவில்லை.

குழிகளுக்குக் காரணம் பற்றீரியா என்று ஏற்றபின் எந்தப் பற்றீரியா என்ற வினா தொடர்ந்தது. கொரினிபற்றீரிய இனங்கள் சுட்டப்பட்டன; கால்நடைகளின் தோலைத் தாக்கும் டேமற்றோபிலஸ் சுட்டப்பட்டது; 1987இல் நோர்ட்ஸ்ரோம் குழுவினர் மைக்ரோகொக்கஸ் செடென்ராரியஸ் என்ற கோளவுருப் பற்றீரியாவைச் சுட்டினர். 1995இல் கைற்றோகொக்கஸ் எனப் பெயர் மாற்றப்பட்ட இந்த உயிர், கெரற்றினைச் சிதைக்கும் இரண்டு நொதியங்களைச் சுரப்பதாகப் பின்னர் காட்டப்பட்டது. குழி எப்படி விழுகிறது என்பதற்கு அது நம்பத்தகுந்த விளக்கம். ஆயினும் மற்றவை குற்றத்திலிருந்து முற்றாக விடுவிக்கப்படவில்லை. றொபேட் கொக் 1880களில் வகுத்த நெறிகளின் முதற்கூறு, காரணியான கிருமி நோயாளரிடம் காணப்பட வேண்டும், நலமாயிருப்போரிடம் காணப்படலாகாது என்று கோருகிறது. எல்லார் தோலிலும் சிறிதளவேனும் இருக்கும் உயிருக்கு இக்கோரிக்கையை வைப்பது வழக்கை விசாரிக்கும் முன்பே தள்ளுபடி செய்வதாகும். இங்கு தீர்மானிப்பவை எண்ணிக்கை, ஈரம், மூடப்பட்ட நிலை, தோலின் அமிலத்தன்மைக் குறைவு ஆகியவை. இந்த இடத்தில் சேற்றுப்புண் என்ற நாட்டுவழக்கு, பங்கசு என்று நூறாண்டு பேசிய பாடநூல்களைவிட உண்மைக்கு நெருக்கமாக நிற்கிறது. அந்தச் சொல் கிருமியின் பெயரைக் கூறவில்லை; கிருமியைப் பெருகவிட்ட சூழலைக் கூறுகிறது. ஆனால் அது மருந்தைத் தேர்வதற்கு உதவாது. பங்கசு, கொரினிபற்றீரியம், கிராம்சாயம் ஏற்காத கோலுயிர்கள் ஆகிய மூன்றும் அச்சொல்லுக்குள் ஒன்றாக அடங்கிவிடுகின்றன.

பாதத்திலிருந்து குருதிக்குச் செல்லும்போது பிழையின் விலை உயர்கிறது. அபர்டீன் நகர அறுவை வைத்தியர் அலெக்சாண்டர் ஒக்ஸ்ரன் சீழில் கண்ட திராட்சைக் கொத்துருக் கிருமிக்கு ஸ்ரபிலோகொக்கஸ் எனப் பெயரிட்ட சில ஆண்டுகளில், 1884இல் ரோசன்பாக் அதைப் பொன்னிறம், வெண்ணிறம் என இரண்டாகப் பிரித்தார். பொன்னிறம் கொடியது, வெண்ணிறம் சாது என்ற எண்ணம் அன்றே வேரூன்றியது. வெண்ணிறத்தது பிற்காலத்தில் எபிடேமிடிஸ், அதாவது மேற்தோலுக்குரியது, என்ற பெயரைப் பெற்றது. பெயரே அதற்கு நற்சான்றிதழாகிவிட்டது. செயற்கை இதய வால்வு, மூளைநீரை வடிக்கும் குழாய், நாளத்தில் நெடுநாள் விடப்படும் கதீற்றர் என உடலுக்குள் அயற்பொருள் வைக்கும் வைத்தியம் 1950களுக்குப் பின் பெருகியபோதுதான், இச்சாது உயிர் பிளாஸ்ரிக் மீதும் உலோகத்தின் மீதும் பசைபோன்ற படலத்தை விரித்து அதற்குள் ஒளிந்துகொள்ளும் என்பது தெரியவந்தது. அப்பசையைச் சுரக்கும் வகைகள் வழுவழுப்பான பரப்பில் ஒட்டும் விதத்தைக் கிறிஸ்ரென்சன் குழுவினர் 1982இல் விவரித்தனர். கிருமி மாறவில்லை, அது வசிக்க மருத்துவம் கட்டிக்கொடுத்த வீடு புதியது.

குருதி வளர்ப்புச் சோதனையில், நோயாளியின் குருதியை ஊட்டக் கரைசல் கொண்ட போத்தலில் இட்டு, அதில் ஏதேனும் வளர்கிறதா என்று பார்ப்பர். ஊசி தோலைத் துளைத்தே நாளத்தை அடைகிறது. ஆகையால் எபிடேமிடிஸ் வளர்ந்தால் அது குருதியில் இருந்ததா, ஊசி முனையில் சென்றதா என்று போத்தலைப் பார்த்துச் சொல்ல முடியாது. 1997இல் வெளியான வைன்ஸ்ரைனும் பிறரும் செய்த அமெரிக்க ஆய்வில், இவ்வகை ஸ்ரபிலோகொக்கஸ்களுள் உண்மைத் தொற்றாகக் கொள்ளத்தக்கவை 12.4 சதவீதம் மட்டுமே. எட்டில் ஏழைப் புறக்கணிப்பது சரியென்பதே இதன் பொருள். எட்டாவதைப் புறக்கணித்தால் வால்வு சிதையும் என்பதும் இதே எண்ணின் பொருள்.

இதற்கு வகுக்கப்பட்ட தீர்வு, ஏடு பார்த்துப் பதிப்பித்தவர்களின் முறையை ஒத்தது. சுன்னாகம் குமாரசுவாமிப் புலவரின் தலைமுறைக்கும் அதற்கு முந்திய சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளையின் தலைமுறைக்கும் பழக்கமான கேள்வி அது: ஏட்டில் காணும் ஐயத்துக்குரிய பாடம் ஆசிரியருடையதா, எழுதுவோன் கைப்பிழையா? ஒரே ஏட்டில் மட்டும் காணப்படுவது ஐயத்துக்குரியது. வெவ்வேறு ஊர்களில் கிடைத்த ஏடுகள் ஒத்து நின்றால் அது வலுப்பெறும். அதுபோல வெவ்வேறு இடங்களில் தனித்தனியே குத்தி எடுத்த இரண்டு குருதித் தொகுதிகளிலும் ஒரே இனம் வளர்ந்தால் அது குருதியிலேயே இருந்திருக்கக் கூடும். ஆனால் ஒரு தாயேட்டைப் பார்த்தெழுதிய இரண்டு படிகள் இரண்டு சாட்சிகளாகா. ஒரே குத்தலில் எடுத்த குருதியை இரண்டு போத்தல்களில் பகிர்ந்து ஊற்றுவதும், கதீற்றர் வழியாகவே இரண்டு முறை உறிஞ்சுவதும் அத்தகைய படிகளே. வளர்ந்தோருக்கு ஒரு தொகுதிக்கு 20 முதல் 30 மில்லிலீற்றர் வரை குருதி வேண்டும் என்ற விதியும், குளோரெக்சிடின் கலந்த அற்ககோல் தோலில் உலரும்வரை காத்திருக்க வேண்டும் என்ற விதியும் நெரிசலான வாட்டுகளில் முதலில் கைவிடப்படுபவை. மாசடைந்த போத்தல்கள் மொத்தத்தில் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டுமென்பது நெடுங்கால அளவுகோல். இயன்ற இடங்களில் 1 சதவீதம் என அண்மையில் அது இறுக்கப்பட்டது.

இம்முறையின் வலிமை அதன் எளிமை. எந்த விலையுயர்ந்த பொறியும் இன்றி, இரண்டாவது ஊசியால் மட்டும் பெரும்பாலான ஐயங்களைத் தீர்க்கிறது. குறை, அது எல்லா வெண்ணிற ஸ்ரபிலோகொக்கஸ்களையும் ஒரே பெயரில் அடைத்ததில் தொடங்குகிறது. பிரெஞ்சு நகரமான லியோனின் பழைய உரோமப் பெயரால் 1988இல் லுக்டுனென்சிஸ் என அழைக்கப்பட்ட இனம், தோலில் சாதாரணமாக இருந்தும், இதயத்தில் பொன்னிறத்துக்குச் சமமாக வால்வைக் கிழிக்கக்கூடியது. இனப்பெயர் வரை சென்று பார்க்காத ஆய்வுகூடத்தில் அது ‘தோல் மாசு’ என்ற இரண்டு சொற்களுக்குள் மறைந்துபோகும். (இதே உயிர் மூக்கினுள் பொன்னிறத்தைக் கொல்லும் பொருளொன்றைச் சுரப்பதாக 2016இல் ஜேர்மனியின் ரியூபிங்கனில் கண்டறியப்பட்டமை, நண்பன் பகைவன் என்ற பகுப்பையே கேலி செய்கிறது.) இதய உள்ளுறை அழற்சியைக் கணிக்கும் டியூக் வரையறைகள் 2023இல் திருத்தப்பட்டபோது லுக்டுனென்சிஸ் முழு உரிமையுடன் பட்டியலில் ஏற்றப்பட்டது; இதயத்துள் செயற்கைப் பொருள் உள்ளவரிடத்தில் மட்டும் எபிடேமிடிஸ் வகையும் சில கொரினிபற்றீரியங்களும் முகப்பரு உயிரான கியூற்றிபற்றீரியமும் ஏற்கப்பட்டன. யாரிடம் காணப்பட்டது என்பதைப் பொறுத்து ஒரே கிருமியின் தகுதி மாறுவதை இத்திருத்தம் விதியாகவே ஆக்கிவிட்டது. குறைமாதக் குழந்தையிடம் மட்டும் இரண்டாவது ஊசி என்ற முறை தடுமாறுகிறது. ஒரு மில்லிலீற்றர் குருதியே பெறக்கூடிய இடத்தில் இரண்டாம் சாட்சியைக் கோருவது எளிதல்ல.

காரணியை அறிந்தது நேரடியாக நலம் விளைத்த இடம் தமிழர் நன்கறிந்த கண் மருத்துவமே. கற்றராக்ற் அறுவைக்குப் பின் கண்ணுள் சீழ் பிடிக்கும் தொற்றில், வளர்ப்பில் உறுதிப்பட்டவற்றுள் ஏறத்தாழ 70 சதவீதம் எபிடேமிடிஸ் வகையினவே என 1990களின் அமெரிக்க ஆய்வு காட்டியது. பலவற்றில் அவை நோயாளியின் சொந்தக் கண்ணிமையிலிருந்தே வந்தவை என மரபணு ஒப்பீடு காட்டியது. குற்றம் அறுவைக் கத்தியின் துப்புரவில் மட்டும் இல்லை என்றான பின், இமைக்குப் பொவிடோன் அயடீன் இடுதல் இன்றியமையாததாயிற்று. மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைகள் அறுவை முடிவில் மொக்ஸிபுளொக்சசின் மருந்தைக் கண்ணுள்ளேயே செலுத்திய அனுபவத்தை 20 இலட்சம் அறுவைகளில் தொகுத்து 2019இல் வெளியிட்டபோது, தொற்று வீதம் 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாகக் குறைந்திருந்தது.

மறுபக்கச் சாய்வுக்கு முதுகுவலி நல்ல எடுத்துக்காட்டு. நழுவிய முள்ளெலும்பிடைத் தட்டுகளில் கியூற்றிபற்றீரியம் அக்னஸ் வளர்வதைக் கண்ட சிலர், நாட்பட்ட முதுகுவலியின் ஒரு பகுதி பற்றீரியத் தொற்றே என வாதித்தனர். 2013இல் டென்மார்க்கில் 100 நாள் நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்த சோதனை பெரும் பயனைக் கூறியது; 2019இல் நோர்வேயில் 180 நோயாளரிடம் மூன்று மாதம் நடத்திய சோதனை, நோயாளி உணரத்தக்க பயன் இல்லை என்றது. இந்த உயிர் மயிர்க்கால்களின் ஆழத்திலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகளில் வசிப்பதால் தோலைத் துடைத்த பின்னும் மிஞ்சி, கத்தி இறங்கும்போது கூடவே இறங்கும். தோள்மூட்டுச் செயற்கைப் பொருத்திகளில் அது உண்மையான தொற்றை விளைக்கிறது. அங்கு அதைக் கண்டறிய வளர்ப்பை 14 நாள் வரை வைத்திருக்கின்றனர். ஆனால் நாட்கள் கூடக்கூடத் தற்செயல் மாசும் வளரும். பொறுமை இங்கு உண்மையையும் பொய்யையும் ஒருசேர வளர்க்கிறது.

இனங்காணும் கருவிகளின் முன்னேற்றம் இச்சிக்கலை ஓரளவே தீர்த்திருக்கிறது. பற்றீரியாவின் புரதங்களை லேசர்க் கதிரால் பறக்கவிட்டு நிறையால் அடையாளம் காணும் பொறி, நாட்கணக்கான வேலையை நிமிடங்களில் முடிக்கிறது. 16 எஸ் என்ற மரபணுப் பகுதியை வாசிக்கும் முறை, வளராத உயிரையும் காட்டுகிறது. மார்பகத்தில் கட்டியாகத் தோன்றிச் சீழ் கசியும் மணிக்கட்டி அழற்சியில், கொழுப்பை விரும்பி வளரும் கொரினிபற்றீரியம் குரொப்பென்ஸ்ரெட்ரி காணப்படுவதை 2002க்குப் பின் நியூசிலாந்து ஆய்வாளர் கவனத்துக்குக் கொண்டுவந்தனர். கேரளத்திலிருந்தும் இத்தகைய நோயாளரின் விவரங்கள் வெளியாகியுள்ளன. சாதாரண ஊடகத்தில் இது மெல்ல வளர்வதால் ‘வளர்ச்சி இல்லை’ என்ற அறிக்கையே பெரும்பாலும் வரும். தென்னாசியாவில் மணிக்கட்டி என்றவுடன் காசநோய் நினைவுக்கு வருவதால் மாதக்கணக்கில் அதற்கான மருந்து கொடுக்கப்படுவதும் உண்டு. இந்த இடத்தில் புறக்கணிக்கப்பட்ட உயிரைத் தேடிப் பெயரிட்டது வீண்வேலை என்று எவரும் சொல்ல இயலாது. ஆனால் அதே மரபணு வாசிப்பு, பிரித்தெடுக்கும் இரசாயனங்களிலேயே பற்றீரிய மரபணுத் துணுக்குகள் உண்டு என 2014இல் சால்ரர் குழுவினர் காட்டியபோது தன் நம்பகத்தை ஓரளவு இழந்தது. உயிர் குறைவான மாதிரியில் போத்தலின் மாசே பேசத் தொடங்கிவிடும்.

தோல்வாழி அல்லாத, மண்வாழியான மெலியோயிடோசிஸ் கிருமியின் கதையும் இங்கு பொருந்தும். ரங்கூனில் விற்மோரும் அவருடைய உதவியாளர் கிருஷ்ணசாமியும் 1912இல் விவரித்த இந்நோய், இலங்கையில் 1927இல் ஒரு ஐரோப்பியரிடம் பதிவாகி, பின்னர் பல பத்தாண்டுகள் அரிய ஒன்றாகவே கருதப்பட்டது. 2000களின் நடுப்பகுதிக்குப் பின் கொழும்புப் பல்கலைக்கழகத்தினர் உள்ளிட்டோர் தேடத் தொடங்கியபோது தீவின் பல பகுதிகளிலும் அது வெளிப்பட்டது. சூடோமோனாஸ் எனவோ மாசு எனவோ ஒதுக்கப்படக்கூடிய அதைக் காட்டிக்கொடுப்பது, ஜென்ரமைசினுக்கும் கொலிஸ்ரினுக்கும் அடங்காது கோ-அமொக்ஸிகிளாவுக்கு அடங்கும் விசித்திரப் போக்கே. அதைக் கவனிக்க ஒரு சாதாரண மருந்துத் தட்டு போதும். நீரிழிவுள்ள தோட்டக்காரர் காய்ச்சலோடும் சீழ்க்கட்டியோடும் வரும்போது அந்தத் தட்டை வாசிப்பவர், இன்னார் மண்ணில் நிற்பவர் என்பதை அறிந்திருக்க வேண்டும். விண்ணப்பத் தாளில் தொழில், கதீற்றர், செயற்கை வால்வு ஆகியவற்றுக்கான கட்டங்கள் வெறுமையாக இருந்தால், ஆய்வுகூடம் ஊகிக்கிறது. ஊகத்தை ‘மாசு’ என்ற சொல் முடிவுபோலக் காட்டுகிறது.

சுன்னாகம் போன்ற ஊரில் பாதநோயைக் கணிக்க மரபணு வாசிப்பு எதுவும் வேண்டியதில்லை. நீண்ட அலையுடைய ஊதாக்கடந்த ஒளியைப் பாய்ச்சும் வூட்ஸ் விளக்கு ஒன்று, இருட்டறையில், எரித்திராஸ்மாவைப் பவளச் சிவப்பாக ஒளிரச் செய்யும். பங்கசு அவ்வாறு ஒளிராது. ஒளிர்வுக்குக் காரணம் கொரினிபற்றீரியம் சுரக்கும் போர்பைரின் என்ற நிறப்பொருள். அது நீரில் கரையக்கூடியது. வைத்தியரிடம் போகுமுன் கிணற்றடியில் நன்றாக முழுகிவிட்டுப் புறப்படுவது இவ்வூர் மக்களின் வழக்கம்; அவ்வாறு வந்தவரின் விரலிடுக்கிலோ தொடையிடுக்கிலோ நோய் இருந்தும் விளக்கு எதையும் காட்டாமல் போகலாம்.